இடுப்புப் பை (மோட்டார் சைக்கிள்)
கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவோர் கருவிகளை இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை. இந்தப் பழக்கத்தை வளர்த்தவற்றில் முக்கியமானது, 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் பந்தயம். அதில் வண்டி மக்கர் பண்ணினால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். வெளியாள் கை வைக்கக் கூடாது. ஸ்பேனர், பிளக், பஞ்சர் சாமான் எல்லாம் கூடவே வந்தாக வேண்டும். 1936இல் இப்பந்தயத்துக்கென்றே பார்பர் என்ற ஆடை நிறுவனம் மெழுகேற்றிய பருத்தித் துணியில் உடை தைத்தது. அதன் இடது மார்புப் பை கோணலாக இருக்கும். தையல்காரர் பிழையல்ல, வண்டியில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை உருவுவதற்கான வசதி.

திண்டுக்கல் பக்கத்துச் சந்தைகளில் வியாபாரிகள் லுங்கிமேல் இறுக்கும் அகலமான பச்சை பெல்ட்டும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். பித்தானைத் திறந்தால் ஸ்பேனருக்குப் பதில் மடித்த ரூபாய் நோட்டு.