நாலு பேர் என்ன சொல்வாங்க? – புதுக்கோட்டை சைக்கிளும் பெக் டாக்டரும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு மக்களே. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இன்னிக்கு தூசி தட்டியாச்சு.

போன வருஷம் எனக்கு ஒரு பிரச்சினை. மீட்டிங்ல பேசணும்னாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், உள்ளங்கை வேர்க்கும். "ஏதாவது உளறுவே, எல்லாரும் சிரிப்பாங்க"ன்னு மனசு அடிச்சுச் சொல்லும். மைக்கை அமுக்கிட்டு கமுக்கமா இருந்துடுவேன். டீம் லீடா ஆகுறியான்னு கேட்டப்போ வேணாம்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. அப்புறம்தான் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனேன்.

அவங்க ஒரு நோட்டு போடச் சொன்னாங்க. என்ன நடந்தது, அப்போ மனசுல ஓடினது என்ன, என்ன உணர்ச்சி, நான் என்ன செஞ்சேன்னு நாலு கட்டம். இதுக்குப் பேர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமா சி.பி.டி.

சும்மா இருப்போமா, அதோட பூர்வீகத்தைத் தோண்டினேன். 1924ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா, முயலுக்குப் பயந்த பீட்டர்ங்கிற குட்டிப் பையனுக்குப் பிடிச்சதைச் சாப்பிடக் கொடுத்துக்கிட்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க. பயப்படாத பிள்ளைகள் முயலோட விளையாடுறதையும் பார்க்க வச்சாங்க. பயம் போயிடுச்சு. 1950கள்ல ஆல்பர்ட் எல்லிஸ், சம்பவத்தை விட அதைப் பத்தின நம்ம நம்பிக்கைதான் ஆளைப் படுத்துதுன்னார். 1960கள்ல பிலடெல்ஃபியாவில ஆரன் பெக் (100 வயசு வாழ்ந்து 2021ல மறைஞ்சார்), மனச்சோர்வுல இருக்கிறவங்களுக்குக் கேட்காமலே வந்து விழுற நினைப்புகளைக் கவனிச்சார். அதை உண்மைன்னு நம்பாம, ஆதாரம் என்னன்னு கேட்டுப் பாருங்க, சின்னதா ஒண்ணைச் செஞ்சு பாருங்கன்னார்.

நம்ம பாஷையில சொன்னா, பயந்து ஒதுங்குறது டெஸ்ட் கேஸை ஓட்டாமலே 'ஃபெயில்'னு போட்டு மூடுற மாதிரி. ஒதுங்க ஒதுங்க பயம்தான் கொழுக்கும்.

எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்: அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேட்கணும். என்ன ஆகும்னு முன்னாடியே எழுதி வைக்கணும், என்ன ஆச்சுன்னு பின்னாடி எழுதணும். அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னா சிரிக்குது. "அடப்போடா, நாங்க சைக்கிள்ல செஞ்சதுதானே இது!"

அம்மா ஊர் கீரனூர் பக்கம். அஞ்சாங்கிளாஸோட நின்னு போச்சு. 1991ல அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தப்போ அம்மாவுக்கு பதினஞ்சு பதினாறு வயசு. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோட சைக்கிளையும் சேர்த்துக் கத்துக்கொடுத்தாங்க. பொண்ணு தானா நாலு இடம் போய் வரணும்ங்கிறதும் அறிவொளிதான்னு நினைச்சாங்க.

"பாவாடை தாவணியில சைக்கிளா, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு உடம்பே நடுங்கும்டா" – இது அம்மா. வாடகை சைக்கிள்ல குரங்கு பெடல்தான் மொதல்ல. அப்புறம் ஒரு ஆள் பிடிச்சுக்க, அப்புறம் தனியா. வாலண்டியர் அக்கா ஓட்டுறதைப் பார்த்துத்தான் பாதி தைரியமாம். 1977ல ஆல்பர்ட் பந்துரா எழுதினது கிட்டத்தட்ட இதான்: 'என்னால முடியும்'ங்கிற நம்பிக்கை, தானே செஞ்சு பார்க்கிறதுலயும் நம்மள மாதிரி ஒருத்தர் செய்யுறதைப் பார்க்கிறதுலயும் வளருது.

1992 மகளிர் தினத்தன்னிக்கு 1,500க்கும் மேல பெண்கள் ஹேண்டில்பார்ல அறிவொளிக் கொடியைக் கட்டிக்கிட்டு புதுக்கோட்டை டவுனையே மணியடிச்சு அதிர வச்சாங்க. சுமார் ஒன்றரை வருஷத்துல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு பண்ணியிருக்கார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காம பார் வச்ச சைக்கிளையே வாங்கினாங்களாம். பார்ல பிள்ளையை உக்கார வச்சுக்கலாமே!

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. என் பயம் பெரும்பாலும் கற்பனை. அம்மாவோடது அப்படியில்ல. நிஜமாவே கேலி பண்ணாங்க, கண்டபடி பேசினாங்க. தனியா நோட்டுல ஆதாரம் தேடியிருந்தா, பயம் நியாயம்தான்னு வந்திருக்கும். அறிவொளி மனசை மட்டும் மாத்தல, தெருவையும் சேர்த்து மாத்துச்சு. ஒருத்தி போனா வேடிக்கை, ஆயிரத்தைந்நூறு பேர் போனா அது ரோடு. எல்லாப் பயத்தையும் 'உன் நினைப்புதான்'னு ஒருத்தர் தலையில மட்டும் கட்டிட முடியாது. சி.பி.டி. படிக்கும்போது இதையும் ஓரமா எழுதி வச்சுக்கணும்.

சரி, என் வீட்டுப்பாடம்? கேள்வி கேட்டேன். குரல் நடுங்குச்சு. யாரும் சிரிக்கல, "எனக்கும் அதே டவுட்டு"ன்னார் ஒருத்தர். நோட்டுல எழுதியாச்சு. டீம் லீட் பத்தித் திரும்பக் கேட்டா என்ன சொல்வேன்னு இன்னும் தெரியல. அம்மாகிட்ட சொன்னேன். "விழுந்தியா?"ன்னு கேட்டுச்சு. இல்லன்னேன். "அப்ப இன்னும் ஒழுங்கா கத்துக்கல"ன்னு வச்சிடுச்சு :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். மனசு ரொம்பப் படுத்தினா 14416க்கு கூப்பிடுங்க. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் இலவச சேவை, தமிழ்லயே பேசலாம். உங்க வீட்லயும் அறிவொளி சைக்கிள் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.