சிலம்பும் ராடாரும்

ஆங்கில எழுத்தில் எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத ராடார் என்னும் சொல், அலை சென்று மீள்வதைக் குறிக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டது என்னும் கூற்று வழங்கிவருகிறது. அது பிழை. வானலையால் கண்டறிதலும் தொலைவளத்தலும் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, 1940இல் அமெரிக்கக் கடற்படையினர் ஆக்கிய சொல் அது. 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரிக்கு அருகே வாட்சன்-வாட் குழுவினர் வானூர்தியிலிருந்து மீண்ட அலையைக் கண்டபின் பிரித்தானியர் வளர்த்த கருவி, 1943 வரை அங்கு ஆர்.டி.எஃப். என்றே வழங்கியது, அப்பெயரைத் திருப்பிப் படிக்க இயலாது, ஆயினும் அலை மீண்டது.

தமிழில் 'கதுவு' என்னும் வினையடியாகக் 'கதுவீ' எனப் பெயரிட்டோரும் கருவியின் தொழிலை நோக்கவில்லை. கதுவுதல் பற்றுதலாகும், ராடார் எதையும் பற்றுவதில்லை. ஒரு மைக்ரோ நொடியில் அலை 300 மீட்டர் செல்லும். போக்கும் வரவும் சேர்வதால், ஒரு மைக்ரோ நொடித் தாமதம் 150 மீட்டர் தொலைவைக் காட்டும். 1943இல் டி. ஓ. நார்த் வகுத்த பொருந்து வடிப்பியோ, அனுப்பிய அலைவடிவத்தை மீண்டதனோடு ஒப்பிட்டு, இரைச்சலுள் புதைந்த மறுமொழியை மேலெழச் செய்கிறது. ஆகவே இக்கருவியின் உயிர் எதிரொலியில் உள்ளது.

எதிரொலித்தலுக்குரிய பழஞ்சொல் சிலம்புதல். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் பாட, மலையாகிய சிலம்பு சிலம்புகிறது. பெயரும் வினையும் அங்கே அடுத்தடுத்து நிற்பதால், எதிரொலிப்பது பற்றியே மலை அப்பெயர் பெற்றது எனக் கொள்ளலாம். வடமொழிச் 'சிலா'வோடு இதனை முடிச்சுப்போட்டால், காலில் அணியும் சிலம்புக்கும், திருப்பாவையில் சிலம்பும் பறவைகளுக்கும் விடை கிடைப்பதில்லை.

பறவையொலி இங்கு புறம்பான செய்தியன்று. ராடார் அனுப்பும் குறுந்துடிப்பு அண்மையிலுள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காட்டினும் அதன் ஆற்றல் சிறிது. நெடுந்துடிப்பு ஆற்றல் மிக்கதாயினும் அவ்விரண்டையும் ஒன்றாகக் கலக்கும். நெடுந்துடிப்பினுள் அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றியோ இறக்கியோ அனுப்பி, மீண்டபின் வடிப்பியால் சுருக்கினால் இரு பயனும் கைகூடும். பறவையின் கீச்சொலிபோல் அதிர்வெண் வழுக்கிச் செல்லும் இத்துடிப்புக்கு 'சர்ப்' என்னும் பெயர், 1951இல் பெல் ஆய்வகத்தின் ஆலிவர் எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே இடம்பெற்றது. 1960இல் அவ்வாய்வகத்தினர் இதன் கோட்பாட்டை விரிவாக வெளியிட்டனர். இன்று குறைந்த ஆற்றலில் நெடுந்தொலைவு செய்தி அனுப்பும் லோரா என்னும் கம்பியில்லாத் தொடர்பு முறையும் இவ்வகைத் துடிப்புகளையே கையாள்கிறது.

அனுப்பும் கீச்சொலியையும் மீளும் எதிரொலியையும் ஆங்கிலம் இரு சொற்களால் கூறுகிறது. தமிழிலோ பறவை செய்வதும் மலை செய்வதும் சிலம்புதலே. இவ்விரண்டையும் இவ்வினையடி ஒருங்கே தாங்குகிறது. ராடாருக்குத் தமிழில் பெயரிட வேண்டுமெனின், அது சிலம்பிலிருந்தே பிறக்க வேண்டும்.