கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு சப் மீட்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. இது ஒரு வரலாறு. கூடவே, நாங்கள் செய்த ஒரு பிழையும் இதில் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஒரேயொரு கம்பியூட்டரில்தான் தனியான கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது. பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி வீடியோக்களை எடிட் பண்ணுவதற்காகப் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. கடந்த வருடம் அதன் விசிறி ஓயாமல் இரையத் தொடங்கியது. திரையில் ஒன்றும் திறந்திருக்காது, ஆனால் பெட்டியில் கை வைத்தால் சுடும். மின்கட்டணத்தை நினைத்து எல்லோரும் பயப்படுகிற காலம் வேறு.

அதில் அதிகம் வேலை செய்தவன் தரம் 11 மாணவன் ஒருவன். களவாக கேம் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தோம். வகுப்புக்கு முன்னால் வைத்தே ஏசினோம். அந்தத் தவணை முடியும்வரை அறைக்கு வரக்கூடாது என்றும் சொன்னோம். அவன் அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னான்: "சேர், நான் கேம் போடல்ல. டாஸ்க் மெனேஜரத் தொறந்தா சத்தம் நிண்டுருது, மூடினா திரும்பவும் வருது." அதை ஒரு சாக்கு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவன் சொன்னது எவ்வளவு சரியான சாட்சி என்பது, இந்த வரலாற்றைத் தேடிப் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

ஒரே வளவில் மூன்று குடும்பம், ஒரே மீட்டர் என்று வையுங்கள். பில் கூடினால் என்ன நடக்கும்? யாருடைய வீட்டில் ஏசி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வாய் பேசத் தெரியாத குடும்பத்தின் தலையில்தான் பழி விழும். அதனால்தான் வாடகைக்குக் கொடுப்பவர்கள் சப் மீட்டர் பூட்டுகிறார்கள். கம்பியூட்டரின் கதையும் இதேதான்.

கம்பியூட்டரின் மூளையான சிபியு-வுக்கு சப் மீட்டர் மிக முந்தியே வந்துவிட்டது. 1961 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவரது குழுவினரும், ஒரே கம்பியூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். மெஷின் ஒன்று, கேட்பவர் பலர். ஆகவே ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு வைக்க வேண்டியிருந்தது. அங்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணித்தியாலம்தான் கிடைத்தது. அது போதாமல், 1962 இல் எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்து, மற்றவர்களின் நேரத்தையும் பாவித்தார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்ட கதை இது. பங்கு வைத்த பொருளுக்குக் கணக்கு வந்ததும், அந்தக் கணக்கை ஏமாற்றும் வழியும் கூடவே வந்தது.

அதன் பிறகு யுனிக்ஸ் கம்பியூட்டர்களில் எந்த ப்ரோகிராம் ஓடுகிறது என்று பட்டியல் போடும் கட்டளை வந்தது. 1984 இல் வில்லியம் லெஃபெவ்ர் 'டொப்' என்ற ப்ரோகிராமை எழுதினார். அதிகம் வேலை வாங்குகிறவரின் பெயர் பட்டியலில் மேலே நிற்கும். 1996 இல் விண்டோஸ் என்.டி 4 உடன் டாஸ்க் மெனேஜர் வந்தது. மைக்ரோசொப்டில் வேலை செய்த டேவ் பிளம்மர் அதை முதலில் வீட்டிலிருந்து தன் சொந்தத் தேவைக்காக எழுதியிருந்தார்.

கிராபிக்ஸ் கார்ட் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. காரணம் எளிது. அந்த வீட்டில் ஒரேயொரு குடித்தனம்தான். 1981 இல் ஐபிஎம் பீசி வந்தபோது கார்டின் வேலை எழுத்தையும் படத்தையும் திரைக்கு அனுப்புவது மட்டுமே. 1996 இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்ட் வந்தபோது, ஒரு கேமைத் திறந்தால் அது முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும், கார்டும் முழுக்க அதற்கே. 1999 இல் என்விடியா தனது ஜிஃபோர்ஸ் 256 கார்டை உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரப்படுத்தியபோதும் பெரும்பாலானோருக்கு அது கேம் விளையாடும் பொருள்தான். யார் பாவிக்கிறார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் திரையில் தெரிகிறதே!

பிறகு ஒவ்வொருவராகக் குடிவந்தார்கள். 2002 இல் அப்பிளின் மெக் ஓஎஸ் பத்தின் இரண்டாம் திருத்தம், ஜன்னல்களைத் திரையில் சேர்த்து வரையும் வேலையைக் கார்டிடம் கொடுத்தது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவும் அதையே செய்தது. அதே வருடம் என்விடியா 'குடா' என்ற கருவியை வெளியிட்டது. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத கணக்குகளையும் கார்டில் செய்யலாம் என்றாகியது. 2011 இல் வெப்ஜிஎல் வந்து, பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம்கூடக் கார்டிடம் வேலை வாங்கும் நிலை வந்தது. 2012 இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இருவரும், கேம் விளையாடுவதற்கென்று விற்கப்பட்ட இரண்டு கார்டுகளை வைத்து, படங்களை இனங்காணும் ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்கி உலகை அதிசயிக்க வைத்தார்கள்.

இப்போது வளவு நிறையக் குடும்பம். கார்ட் உழைக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கவும் முடியும். ஆனால் மீட்டர் இன்னும் ஒன்றுதான். விஸ்டா, விண்டோஸ் 7, விண்டோஸ் 8 மூன்றிலும் டாஸ்க் மெனேஜர் சிபியு-வையும் நினைவகத்தையும் காட்டியது, கார்டைக் காட்டவில்லை. மார்க் ருஸ்ஸினோவிச்சின் புரொசஸ் எக்ஸ்புளோரர் 2011 இல் அதைக் காட்டத் தொடங்கியது. ஆனால் அதைத் தனியாகத் தேடி இறக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள்தான் பாவித்தார்கள்.

இந்த இருட்டு களவுக்கு வசதியாகிப் போனது. பிட்கொயின் தோண்டுவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு கணக்குப் போட்டி. அதிகம் கணக்குப் போடும் மெஷினுக்கு நாணயம் கிடைக்கும். கார்டும் மின்சாரமும் உங்களுடையவை, நாணயம் இன்னொருவனுடையது என்றால் அவனுக்குக் கொள்ளை இலாபம்.

2013 இல் அமெரிக்காவில் நடந்த இஎஸ்இஏ விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். அது கேம் போட்டிகளை நடத்தும் நிறுவனம். போட்டியில் களவு செய்பவர்களைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு வீரரின் கம்பியூட்டரிலும் அவர்களின் ப்ரோகிராம் ஓட வேண்டும். 2013 ஏப்ரலில் அதற்குள் பிட்கொயின் தோண்டும் பகுதி ஒன்று ஒளிந்திருந்தது. களவைப் பிடிக்க வைத்த காவல்காரனே களவு செய்தான்! விளையாடாத நேரத்திலும் தங்கள் கார்ட் கொதிப்பதைக் கவனித்த பாவனையாளர்கள்தான் அதை வெளியே கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 14,000 கம்பியூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக நியூ ஜெர்சி மாநில அரசு சொன்னது. ஊழியர் ஒருவரின் வேலை என்றது நிறுவனம். தோண்டி எடுத்த பணம் 4,000 டொலரைக்கூட எட்டவில்லை. அந்த நவம்பரில் ஏற்பட்ட இணக்கப்பாடோ 10 இலட்சம் டொலருக்கு. அதில் 3,25,000 டொலரைக் கட்டவும், திரும்பவும் பிழை விட்டால் மீதியைக் கட்டவும் வேண்டும் என்பது ஏற்பாடு.

விண்டோஸில் எல்லோருக்குமான சப் மீட்டர் 2017 ஒக்டோபரில்தான் வந்தது. விண்டோஸ் 10 இன் அந்தத் திருத்தத்தில் டாஸ்க் மெனேஜரிலேயே ஜிபியு என்ற நிரல் சேர்க்கப்பட்டது. விஸ்டா காலத்திலிருந்தே எந்த ப்ரோகிராமின் வேலையை எப்போது கார்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது விண்டோஸின் ஒரு பகுதிதான். வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடுபவருக்கு, யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்றும் தெரியும்தானே. அந்தக் கணக்கை எடுத்துத்தான் டாஸ்க் மெனேஜர் காட்டுகிறது. மூளைக்கு டாஸ்க் மெனேஜர் வந்து 21 வருடத்துக்குப் பிறகு கார்டுக்கு வந்தது.

பார்க்கும் முறை இதுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ப்ரோகிராம்களின் பட்டியலில் ஜிபியு நிரலின் தலைப்பை அழுத்தினால் அதிகம் பாவிப்பவர் மேலே வருவார். நிரல் இல்லாவிட்டால் தலைப்புகளின் மேல் ரைட் கிளிக் செய்து சேர்க்கலாம். பக்கத்தில் 'ஜிபியு என்ஜின்' என்ற நிரலும் உண்டு. கார்டுக்குள் படம் வரைய ஒரு பகுதி, வீடியோவை விரிக்க ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கின்றன. எது வேலை செய்கிறது என்று அது சொல்லும். வீடியோ பார்க்கும்போது பிரவுசரின் பெயர் மேலே வந்தால் பயப்பட வேண்டாம், அது வழமையானது. ஒன்றுமே செய்யாதபோது முன்பின் தெரியாத பெயர் ஒன்று மேலே நின்றால்தான் தேட வேண்டும்.

இனி எங்கள் மாணவனின் விஷயம்.

கொழும்பில் ஐடி துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னோம். "டாஸ்க் மெனேஜரத் திறந்தா சத்தம் நிக்குதா?" என்று கேட்டுவிட்டு, உடனே பாடசாலைக்கு வந்தார். தோண்டும் ப்ரோகிராம்கள் சிலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டாம். டாஸ்க் மெனேஜர் திறந்ததும் வேலையை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ளும், மூடியதும் திரும்பத் தொடங்கும். மீட்டர் வாசிப்பவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கள்ள வயரைக் கழற்றுகிற மாதிரி.

அவர் டாஸ்க் மெனேஜரைத் தொடவே இல்லை. என்விடியா கார்டோடு வருகிற 'என்விடியா எஸ்எம்ஐ' என்ற கட்டளையை, சில செக்கனுக்கு ஒருமுறை கார்டைப் பாவிப்பவர்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதும்படி விட்டுவிட்டு எங்களோடு தேநீர் குடிக்க வந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தால், எங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று ஒவ்வொரு வரிசையிலும் இருந்தது. அது இருந்த இடம், வீடியோ எடிட் பண்ணும் மென்பொருளின் ஃபோல்டர். காசு கொடுக்காமல் இணையத்தில் இறக்கிய 'கிராக்' பிரதி அது.

அதை இன்ஸ்டோல் செய்தது அந்த மாணவன் இல்லை. நாங்கள்.

அடுத்த நாள் அதே வகுப்புக்குப் போய், ஏசிய அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல சேர்" என்றான். ஆனால் அவன் இழந்த ஒரு தவணையை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய தவணை அது.

அந்த மெஷினை முழுக்க அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். இப்போது இலவசமாகச் சட்டப்படி கிடைக்கும் எடிட்டர் ஒன்றைத்தான் பாவிக்கிறோம். விசிறி அமைதியாக இருக்கிறது.

பெற்றோர்களே, வீட்டில் கம்பியூட்டர் சூடாகினால், மெதுவானால், பில் கூடினால் முதலில் பிள்ளையைக் கேட்காதீர்கள். மெஷினைக் கேளுங்கள். பார்க்கும் வழியை மேலே எழுதியிருக்கிறோம். பிள்ளை ஏதாவது கவனித்துச் சொன்னால், அதையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நாங்கள் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.