ஜாலான் தம்பிப்பிள்ளையில் என் முழங்கால்

கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம்தான். அங்கே எனக்குக் கால் பிடித்துவிடும் இடத்துக்கு மற்றவர்களுக்குப் பத்து நிமிட நடை. என் வலது முழங்காலுக்கு இருபது. பாதி வழியில் பூக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

மூட்டுத் தேய்மானம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கும் வலது கால்தான். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, பிறகு மர நிரை. வெட்டு தாழ இறங்கிய மரமென்றால் குத்துக்காலிட வேண்டும். பால் எடுத்து முடிந்ததும் தோளில் காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்கு நடை. இராத்திரி நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து அம்மா தாமே ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். மேலே கோடாலித் தைலம். ‘தேய்மானம்’ என்ற சொல்லெல்லாம் தோட்ட லயத்தில் கிடையாது. "காலு புடிச்சிக்கிச்சு", அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸும் பாரம் சுமந்து உண்டான ஊர். 1881-இல் கோலாலம்பூர் தீயில் எரிந்தது, அதே ஆண்டு வெள்ளத்திலும் மூழ்கியது. இனி அத்தாப்புக் குடிசை வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்றார் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம். செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தில் பாடுபட்ட தமிழர்கள் இங்குள்ள ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். முட்டி தேயாமல் இந்த ஊரில் எதுவும் கட்டியிருக்க முடியாது என்பது என் கட்சி.

அந்த முட்டிகளைப் பிடித்துவிடும் பார்வையற்றவர்களின் கைகள் பிறகு வந்தன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பிரேசர் மலைப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயரைத்தான் அதன் பயிற்சி நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். பிரம்பு முடையவும் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கும் பழக்கிய காலம் ஒன்று உண்டு. எந்திரம் தானாகவே இணைப்புக் கொடுக்கப் பழகியதும் அந்த நாற்காலி போயிற்று. பிடித்துவிடும் தொழில் மட்டும் நிலைத்தது. பார்வையற்றவர்கள் இந்தத் தொழில் செய்வது உலகத்துக்குப் புதிதில்லை. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற வைத்தியர் தம்மைப் போன்றவர்களுக்குப் பள்ளி நடத்தியிருக்கிறார்.

எனக்குப் பிடித்துவிடுகிறவர் முட்டியை உடனே தொட மாட்டார். முதலில் இரண்டு தொடைகளையும் மாறி மாறி அழுத்திப் பார்ப்பார். போன மாதம் கட்டைவிரல் வலது தொடையிலேயே நின்றது.

"டீச்சர், ஹாஸ்பிட்டல்ல சொல்லிக்கொடுத்த எக்சர்சைஸ் செய்றீங்களா?"

"செய்றேன் தம்பி."

"பொய் சொல்லாதீங்க. இந்தப் பக்கம் சதை இளைச்சிருக்கு. நான் இறுக்கத்தைத் தளர்த்தலாம், தேஞ்சத வளக்க முடியாது."

நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவள் நான். அன்று மாட்டிக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குவது. கைப்பிடி இல்லாமல் எழுந்து உட்காருவது. இதைத் தினமும் செய்தால் தொடைச் சதை மூட்டின் பாரத்தைத் தானும் வாங்கிக்கொள்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். பிடித்துவிடுவது வலியைக் கொஞ்ச நாள் தணிக்கும். அந்தக் கொஞ்ச நாளில் நடந்து பழக வேண்டும். ஒருமுறை முட்டி வீங்கிச் சூடாக இருந்தபோது அவர் கையை எடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை, டாக்டரிடம் போகச் சொன்னார்.

பிடித்துவிடுவது போன்ற மரபு வைத்தியத்துக்கு இப்போது அரசாங்க மரியாதையும் உண்டு. 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு தொடங்கியது. 2016-இல் அதற்குச் சட்டமே வந்தது. அம்மாவின் நொச்சி ஒத்தடம் எந்தச் சட்டத்திலும் ஏறாமலே போயிற்று.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மேடு மேடாக ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. என் முட்டியைக் காப்பாற்றுகிறவர் அதைக் காலால் தடவித்தான் வேலைக்கு வருகிறார். வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.