பெருமை என்கிற சொல்

எங்கள் பக்கத்துச் சேரிகளில் எழுபது வயசுக் கிழவர் பத்து வயசுப் பையனை 'சின்னாண்டை' என்று கூப்பிட்டிருக்கிறார். பையனின் அப்பா 'பெரியாண்டை'. கிழவருக்குத் திரும்பக் கிடைத்தது 'வாடா'. ஆக, 'பெரிய' என்பது வயசைச் சொல்கிற சொல் இல்லை. நிலம் யார் கையில் என்பதைச் சொல்கிற சொல்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் குறளின் 98ஆம் அதிகாரமான 'பெருமை'யைப் படித்தேன். பிறப்பால் யாருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை, செய்கையால்தான் பேதம் என்று அதில் வருவதை மேடைக்கு மேடை முழங்குகிறோம். இரண்டு அதிகாரம் முன்னால், 96ஆவதாக, 'குடிமை' இருக்கிறது. நல்ல குடியில் பிறந்தவர்க்கே நேர்மையும் நாணமும் இயல்பாக அமையும் என்கிறது அது. ஒரே நூலுக்குள் இரண்டு அளவுகோல். ஊர் எந்தக் கோலை எடுத்துக்கொண்டது என்பது சேரிக்குத் தெரியும்.

நோணாங்குப்பத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி. அங்கே மாதா கோயிலுக்குள் பறையர்களைத் தனியே பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். நம்மவர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய சாமியாரைக் கேட்டார்கள்: எங்களையும் சீடர்களாகச் சேர்த்துக்கொண்ட பிறகு எதற்கு இந்தப் பேதம்? சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். எழுதியவர் நம்ம ஆள் இல்லை, பல்லக்கும் பட்டமும் பெற்ற துபாஷி. அவர் எழுத்திலேயே நம் முன்னோரின் கேள்வி தப்பிப் பிழைத்திருக்கிறது.

1873இல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்தோடு நீதிமன்றம் போனார். தடுத்தார்கள். பாரீஸ் வரைக்கும் வழக்காடி ஜெயித்தார். மேல்சாதிக்காரருக்கே செருப்புக்கு இந்தப் பாடு என்றால் சேரிக்காரனுக்கு? 1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு வழி திறந்தது. சாதி வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வந்து, புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்', அதாவது கதவு. அந்தக் கதவு வழியாக தலித்துகள் ஏராளமாக நுழைந்தார்கள். உடனே, 1884இல், வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சமம் என்று காகிதத்தில் எழுதிவிட்டு, வரிசையில் மட்டும் தள்ளி நிற்கவைத்தார்கள்.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் வேறு காரியம் செய்தார். வசவாக வீசப்பட்ட சொல்லையே எடுத்துத் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். அவர் யாரிடமும் பெருமையைக் கடன் கேட்கவில்லை.

இன்றைக்கு நம் பிள்ளைகள் சிலர் 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று சுவரில் எழுதுகிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோழர்களே, ஆண்டவன் என்றால் ஆளப்பட்டவன் ஒருத்தன் வேண்டும். ஆண்டையின் கோலை வாங்கி நம்மை அளந்தால், நமக்குக் கீழே யாரையாவது தேட வேண்டிவரும்.

நோணாங்குப்பம் வழியாகச் சுண்ணாம்பாறு போட் ஹவுசுக்குக் கார்கள் போகின்றன. அரிக்கமேடு, பிரெஞ்சுக் கட்டிடங்கள் என்று புதுச்சேரியின் பெருமைகளைப் பட்டியல் போடுகிறார்கள். 1745இல் இடிந்த சுவர் அந்தப் பட்டியலில் இல்லை. அன்று போய் நின்றவர்கள் தங்களைப் பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சுவரை எடு என்றார்கள். பெருமை என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள் சேர்க்கச் சொன்னால், நான் அதைத்தான் சேர்ப்பேன்.