பிரித்தானிய, அமெரிக்க அன்றாட உணவு: ஒரு வரலாற்று ஒப்பீடு

பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆங்கிலம் பேசுபவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் தம் மொழியோடும் சட்டத்தோடும் தம் சமையல் முறையையும் கொண்டுசென்றனர். ஆயினும் இன்று இரு நாட்டு மக்களின் அன்றாட உணவில் பல வேறுபாடுகள் உள்ளன. இவற்றை வெறும் சுவை வேறுபாடு என்று கொள்வது பொருந்தாது. நிலம், வரி, போர் ஆகிய மூன்றுமே இவ்விரு உணவு மரபுகளையும் பிரித்தன.

நிலமும் தானியமும்

1620ஆம் ஆண்டு பிளிமத் என்னுமிடத்தில் குடியேறிய ஆங்கிலேயருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தனர். எஞ்சியோருக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்தவர்கள் அப்பகுதியின் பூர்வகுடி மக்கள். கோதுமையும் ஓட்சும் கொண்டு செய்த கஞ்சியையும் ரொட்டியையும் குடியேறிகள் மக்காச்சோள மாவில் செய்யத் தொடங்கினர். இந்த மாற்றம் மொழியிலும் பதிந்துள்ளது. 'கார்ன்' என்ற ஆங்கிலச் சொல் பிரித்தானியாவில் பொதுவாகத் தானியத்தைக் குறித்தது. அமெரிக்காவில் அது மக்காச்சோளத்தை மட்டுமே குறிக்கலாயிற்று.

அமெரிக்க உணவு ஆங்கிலேயரால் மட்டும் உருவானதன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் சமையல் அறிவும் தென் மாநிலங்களின் உணவுக்கு அடிப்படையாயின. அங்கு இன்றும் விரும்பி உண்ணப்படும் வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. பின்னர் குடியேறிய ஜெர்மானியரும் இத்தாலியரும் தம் உணவுகளையும் சேர்த்தனர்.

வரியும் பானமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இரு கரையிலும் தேநீர் பருகப்பட்டது. பிரித்தானிய நாடாளுமன்றம் விதித்த தேயிலை வரியை எதிர்த்து, 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. அதன்பின் தேநீரைத் தவிர்ப்பது நாட்டுப்பற்றின் அடையாளமாகக் கருதப்பட்டது. கரீபியத் தீவுகளும் பிரேசிலும் அருகில் இருந்ததால் காபி எளிதில் கிடைத்தது. 1832இல் அமெரிக்க இராணுவம் வீரர்களுக்கு வழங்கிவந்த ரம் மதுவுக்குப் பதிலாகக் காபியை வழங்கத் தொடங்கியது.

பிரித்தானியாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1784இல் இயற்றப்பட்ட சட்டம் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தது. கடத்தல் ஒடுங்கியது, தேநீர் ஏழைகளின் பானமாகவும் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஸ்ஸாமும் இலங்கையும் பிரித்தானியருக்குத் தேயிலை வழங்கின. இலங்கை மலையகத்தில் அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள். வரி ஒரு நாட்டைத் தேநீரிலிருந்து விலக்கியது. வரிக்குறைப்பு மற்றொரு நாட்டை அதனோடு பிணைத்தது.

தொழிற்புரட்சியும் தொழிலாளர் உணவும்

பிரித்தானிய ஆலைத் தொழிலாளரின் உணவு பெரும்பாலும் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை சேர்த்த தேநீர் ஆகியவையாக இருந்தது. 1860களில் தோன்றிய மீன் வறுவல் கடைகள் அவர்களுக்கு மலிவான சூடான உணவைத் தந்தன. எனினும் ஊட்டக்குறைவு பரவலாக இருந்தது. 1899இல் தொடங்கிய போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, உடல் வலிமை இல்லாமையால் பல இளைஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்த அதிர்ச்சியின் விளைவுகளுள் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் தந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம்.

அமெரிக்காவில் பரந்த மேய்ச்சல் நிலமும் நீண்ட இரயில் பாதைகளும் இருந்தன. 1865இல் திறக்கப்பட்ட சிக்காகோ கால்நடைச் சந்தையும், குளிரூட்டிய இரயில் பெட்டிகளும் இறைச்சியை நாடெங்கும் மலிவாகக் கொண்டு சேர்த்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளுக்கு, அடிக்கடி இறைச்சி உண்ண முடிந்ததே புதிய வாழ்வின் முதல் அடையாளமாக இருந்தது.

போரும் பங்கீடும்

இரண்டாம் உலகப்போரே இரு நாட்டு உணவையும் மிகத் தெளிவாகப் பிரித்தது. உணவுப் பொருள்களில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்துவந்த பிரித்தானியாவில் 1940 ஜனவரி 8 அன்று பங்கீட்டு முறை தொடங்கியது. ஒருவருக்கு வாரத்திற்குக் கிடைத்த தேயிலை ஏறத்தாழ 57 கிராம்; சர்க்கரை ஏறத்தாழ 227 கிராம்; முட்டை ஒன்று. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சலுகை விலையில் பால் தரப்பட்டது. மீன் வறுவல் பங்கீட்டிற்கு உட்படவில்லை.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. போர்க்காலத்தில் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கு 1946 முதல் 1948 வரை பங்கீடு விதிக்கப்பட்டது. இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கிய 1954 ஜூலை 4 அன்றுதான் முறை முழுவதும் முடிவுக்கு வந்தது. வெண்ணெயும் முட்டையும் அரிதாக இருந்த பதினான்கு ஆண்டுகளில் ஒரு தலைமுறை சமைக்கக் கற்றது. பிரித்தானிய உணவு சுவையற்றது என்ற பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் பங்கீடு இருந்தது. ஆனால் இறைச்சிக்கான கட்டுப்பாடு 1945இலும் சர்க்கரைக்கான கட்டுப்பாடு 1947இலும் நீங்கின. பிரித்தானியாவில் ரொட்டிப் பங்கீடு முடிந்த அதே 1948இல், கலிபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 15 சென்ட் விலையில் ஹாம்பர்கரை விரைவாக வழங்கும் முறையைத் தொடங்கினர்.

சமையலறையும் மேசையும்

பிரித்தானியர் மாவையும் சர்க்கரையையும் தராசில் நிறுக்கின்றனர். அமெரிக்கர் கோப்பையால் அளக்கின்றனர். 1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட சமையல் நூல், தலைதட்டிய அளவுக் கோப்பையை வீடுதோறும் பரப்பியது.

பிரித்தானியர் முள்கரண்டியை இடக்கையிலேயே வைத்து உண்பர். அமெரிக்கர் பலர் இறைச்சியை வெட்டியபின் அதை வலக்கைக்கு மாற்றிக்கொள்வர். பனிக்கட்டியிட்ட நீர் அமெரிக்க உணவகங்களில் வழக்கமானது. இதற்குப் பின்னால் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டூடர் 1806இல் தொடங்கிய பனிக்கட்டி ஏற்றுமதியின் காலத்திலிருந்து வளர்ந்த ஒரு பெருந்தொழில் உண்டு. அவருடைய பனிக்கட்டி கப்பலில் இந்தியாவுக்கும் வந்தது. அதைச் சேமிக்கக் கட்டப்பட்டதே சென்னை ஐஸ் ஹவுஸ்.

இன்றைய நிலை

இப்போது இரு மரபுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த கார்ன் ஃபிளேக்ஸ் 1938 முதல் மான்செஸ்டரிலேயே தயாரிக்கப்பட்டது. 1974இல் லண்டனின் வூலிச் பகுதியில் பிரித்தானியாவின் முதல் மெக்டொனால்டு உணவகம் திறக்கப்பட்டது. மலிவான உணவு இரு நாடுகளிலும் நிறையக் கிடைக்கிறது. உடற்பருமனும் இரு நாடுகளுக்கும் பொதுவான கவலையாகிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் உணவுக் குறைவால் எழுந்த கேள்வி இன்று வேறு வடிவில் திரும்பியுள்ளது: ஏழைப் பிள்ளையின் தட்டில் நல்ல உணவு இருக்கிறதா என்பதே அது.

ஒரு மக்களின் உணவைச் சுவையானது, சுவையற்றது என்று தீர்ப்பளிப்பது எளிது. அவர்களுக்கு எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்று கேட்டால் அந்தத் தட்டில் அவர்களின் வரலாறு தெரியும்.