பருத்தி கண்ணாடியாய்க் காய்த்தது

புனேயின் மகர்பட்டாவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பெரியவர் என் பிரேமை வாங்கிக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் வளையும் இடம் சுண்ணாம்பு பட்டதுபோல் வெளுத்திருந்தது. புதிது வாங்கத்தான் போயிருந்தேன். "தூக்கிப் போடாதீங்க. ஷெல் பிரேம். மெருகு போட்டால் பழையபடி ஆகிவிடும்" என்றார் இந்தியில்.

ஷெல் என்பது ஆமையோடு. மன்னார் வளைகுடாவிலும் வாழும் அழுங்காமையின் ஓட்டில்தான் ஒரு காலத்தில் உயர்ந்த ரகப் பிரேம்களைச் செதுக்கினார்கள். இன்று அந்த ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஓடு போய்விட்டது, பேர் கடைக்காரர்கள் வாயில் தங்கிவிட்டது.

என் பிரேமுக்கு மூன்று நிறம். முகப்பு கறுப்பு, உட்புறம் சிவப்பு, இரண்டுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. இத்தனை நாளும் அதைப் பெயிண்ட் என்றே நம்பியிருந்தேன். "பெயிண்ட் இல்லை, பலகையே அப்படி" என்று பெரியவர் சொன்ன பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தொடக்கம் எங்கள் மதுரைக்காரர்களுக்குப் பழக்கமான இடம். பருத்திப்பாலுக்கு ஊறவைக்கிற பருத்திக்கொட்டையைத் தடவிப் பாருங்கள். பஞ்சைப் பிரித்த பின்னும் குட்டையான தூவி ஒட்டியிருக்கும். நூல் நூற்க உதவாத அந்தத் தூவியும் மரக்கூழும்தான், இன்று 'ஷெல்' பிரேம் செய்யும் அசிடேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். இரண்டும் செல்லுலோஸ். அதை அசிட்டிக் அமிலத்தோடும் அதன் உறவுக்கார அன்ஹைட்ரைடோடும் வினைபுரிய விட்டால் வெள்ளைச் செதில்களாகிறது. இதற்கு முந்திய செல்லுலாய்டு நைட்ரிக் அமிலத்தில் பிறந்தது, குபீரென்று தீப்பற்றும். சினிமாச் சுருளைப் போலவே கண்ணாடி பிரேமும் தீக்குப் பயந்துதான் அசிடேட்டுக்கு மாறியது.

செதிலில் நெகிழ்வு தரும் திரவத்தையும் கரைப்பானையும் சாயத்தையும் சேர்த்து மாவுபோல் பிசைந்து, உருளையில் தேய்த்து, அழுத்திக் கட்டியாக்கி, பலகைகளாகச் சீவுகிறார்கள். இத்தாலியின் காஸ்திலியோனே ஒலோனாவில் 1849 முதல் இயங்கும் மத்சுக்கெல்லி நிறுவனம் இதில் பெரிய பேர். கொம்பில் சீப்பும் பொத்தானும் செய்து தொடங்கியவர்கள். 1978இல் பாரிசில் தொழில் தொடங்கிய அலன் மிக்லி, அடுக்கு நிறப் பலகைகளைக் கொண்டு கண்ணாடியை மறைக்க வேண்டிய ஊனமாக இல்லாமல் எடுத்துக் காட்டும் அணியாக்கினார்.

அடுக்குவதில் பசையே கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பலகைகளின் முகத்தைக் கரைப்பானால் நனைக்கிறார்கள். மேல்தோல் லேசாகக் கரையும். அந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால், ஒன்றின் மூலக்கூறு இழைகள் மற்றொன்றுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். பிறகு காத்திருப்பு. வெதுவெதுப்பான அறையில் நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில், உள்ளே சிக்கிய கரைப்பான் முழுக்க ஆவியாக வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் பிரேம் பின்னால் சுருங்கும், கோணும், அடுக்கு பிரியும். மலிவான பிரேமுக்கும் நல்ல பிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தப் பொறுமை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது சீவல். மூன்று நிற பர்பியை நேராக வெட்டினால் நடு அடுக்கு அதன் கனத்துக்கே தெரியும், கத்தியைச் சாய்த்தால் அகன்று தெரியும். பிரேமிலும் அப்படியே. கணினி ஓட்டும் வெட்டுளி விளிம்பைச் சாய்க்கும் கோணம்தான் வெள்ளைக் கோட்டின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. ஓவியம் தூரிகையில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.

வெட்டிய துண்டுகள் மரச்சில்லுகளும் தேய்ப்புப் பசையும் நிறைந்த பீப்பாய்களில் நாள் கணக்கில் உருள்கின்றன. முதலில் கரடு, போகப்போக மென்மை. காதுக் கைகளைச் சூடாக்கி நடுவே உலோகக் கம்பியைச் செலுத்துகிறார்கள், கீல் பதிக்கிறார்கள். கைக்குள் 52, 18, 140 என்று எண்கள் விழுகின்றன: கண்ணாடியின் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில்.

என் பிரேம் வெளுத்ததன் காரணமும் அந்த மாவிலேயே இருக்கிறது. நெகிழ்வு தரும் திரவம் வியர்வையோடும் தோலின் எண்ணெயோடும் மெல்லக் கசிந்து, மேல்தோல் வறண்டுவிடுகிறது. இன்னும் பல பத்தாண்டு போனால் அசிடேட் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், பிறந்த அமிலத்தையே திருப்பித் தருவதுபோல.

பெரியவர் பின்கட்டுக்குப் போய்ச் சுழலும் துணிச்சக்கரத்தில் மெழுகைத் தேய்த்து, பிரேமின் கையை அதன்மேல் பிடித்தார். வெளுப்பு அழிந்து சிவப்பு மேலே வந்தது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து, கரும்பு விளைந்த வயல்களின் மேல் எழுந்த மகர்பட்டாவின் கட்டடங்களுக்கு நடுவே வெயிலில் பிரேமைத் திருப்பிப் பார்த்தேன். வளைவில் கறுப்பு ஒரு மயிரிழை தேய்ந்திருந்தது. வெள்ளைக் கோடு முன்னைவிடக் கொஞ்சம் அகன்றிருந்தது.